ஒவ்வாதவை என்று எழுதிய பெட்டி

நூற்றுப் பதினோரு வயதில் ஒருவரைத் தந்தையாக்கிய பெருமை எனக்கு உண்டு. அடியார்கள் நிகழ்த்திய அற்புதங்களைப் பாடும் பதிகங்களை நாள்தோறும் விடியலில் ஓதி வளர்ந்தவன் நான். அவற்றுள் எதிலும் இதற்கு நிகரான ஒன்றைக் கண்டதில்லை. அவர்கள் இறையருளால் செய்தார்கள். நான் ஒரு கணினியாலும் இருபத்து நான்கு ஆண்டு அலுவலக அனுபவத்தாலும் செய்தேன்.

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளைய நண்பர்களே, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் அறிந்த பொத்தான்கள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும். நான் சொல்ல வந்தது, அழுத்தாமல் இருந்திருக்க வேண்டிய ஒன்றைப் பற்றி.

அமெரிக்காவுக்கு வருமுன் தமிழ்நாட்டில் ஒரு மலையடிவார வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவில் இருந்தேன். சான்றிதழ் கேட்டு வருபவர்களிடம், அதைப் பெறுவதற்குரிய சான்றிதழைக் கேட்பது எங்கள் பணி. அதில் நான் தேர்ந்தவன் என்று பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருப்ப ஓய்வு பெற்று, மகள் இருந்த சான் ஹோசேக்குக் குடிபெயர்ந்தேன். சும்மா இருப்பது சுகம் என்று பெரியோர் சொல்லியிருந்தாலும் எனக்கு அது கைவரவில்லை. பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றித் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். மருத்துவமனைகளும் வழக்கறிஞர்களும் எங்கள் வாடிக்கையாளர்கள். மூன்றாவது வகை வாடிக்கையாளராக ஒரு நாள் தெரேசா வந்தார்.

ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கரையில், ஸ்பானியப் பாதிரிமார் வந்து ஆலயம் கட்டுவதற்கு முன்பிருந்தே வாழ்ந்துவரும் ஒரு பழங்குடியின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவி. தம் மக்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களை முப்பத்தாறு அட்டைப் பெட்டிகளில் வீட்டுக் கராஜில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை வேனிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக் கேட்டார். (ஆங்கிலத்தில் நடந்த பேச்சை, என் காதில் விழுந்த தமிழில் தருகிறேன்.)

"நாங்க இங்கதான் இருக்கோம்னு வாஷிங்டனுக்குக் காட்டணும் சார். முடியுமா?"

"நீங்கள் இங்கேதானே நிற்கிறீர்கள்?" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியல."

இந்நாட்டின் அரசமைப்புச் சட்டம், அயல்நாடுகளையும் மாநிலங்களையும் சொல்லும் அதே வரியில் பழங்குடிகளையும் சொல்கிறது. அரசோடு அரசாக எதிரெதிரே அமர்ந்து பேசும் தகுதி அவர்களுக்கு உண்டு. ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தெரேசாவின் மக்கள் ஒரு காலத்தில் பட்டியலில் இருந்தார்கள். பிறகு யாரோ ஓர் எழுத்தர் புதுப் பட்டியல் எழுதும்போது அவர்களை எழுதாமல் விட்டார். நீக்கவில்லை, நீக்கியிருந்தால் ஆணை எண்ணாவது இருக்கும். வெறுமனே எழுதவில்லை. அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரு மக்களாக இல்லை. ஏதேனும் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது அவர்களுடைய முன்னோரின் எலும்பு கிடைத்தால், அதைப் பற்றிப் பேச அழைக்கப்படும் வரிசையில் அவர்கள் கடைசியில் நின்றார்கள். எலும்புகளின் பழமையில் யாருக்கும் ஐயமில்லை. பேரப்பிள்ளைகள் உண்டா என்பதில்தான் ஐயம்.

ஆகவே ஒவ்வொருவரும் எந்த முன்னோரின் வழி வந்தவர் என்பதைக் கண்ணி விடாமல் காட்டி மனு அனுப்ப வேண்டும். கண்ணி அறுந்தால் அந்தக் கிளை முழுவதும் பட்டியலிலிருந்து உதிரும்.

"நீங்க இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம்?" என்று தெரேசா கேட்டார்.

"ஐந்து. கிரீன் கார்டு இருக்கிறது."

"அடேயப்பா! எனக்கும் அந்த வரிசையில ஒரு இடம் பிடிச்சுக் கொடுங்களேன். வெளிநாட்டுக்காரங்க வரிசைதான் வேகமா நகருது போல."

நான் சிரித்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழர் கூட்டத்தில் நம் இனத்தின் தொன்மை குறித்து ஒன்றரை மணி நேரம் உரையாற்றினேன். நாங்கள் அமர்ந்திருந்த மண்ணின் தொன்மை அந்த உரையில் இடம்பெறவில்லை. கைத்தட்டல் நன்றாக இருந்தது.

நிறுவனத்தின் உரிமையாளர் எனக்கு ஒரே ஒரு கட்டளை இட்டார்: "டேட்டாவைச் சுத்தம் பண்ணிடுங்க." எனக்கு அமுதம் உண்டதுபோல் இருந்தது. பாதிரிமார் ஒரே பத்துப் பன்னிரண்டு புனிதர்களின் பெயர்களை எல்லாருக்கும் இட்டிருந்தார்கள்; ஒரே ஆள் நான்கு ஏடுகளில் நான்கு முறை வருவார். நான் ஒரு விதி வகுத்தேன். பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, ஆலயம் ஒன்று என்றால் ஆள் ஒன்று. அதற்கு முரணாக நிற்கும் பதிவு பிழையானது. அதன் நகலைத் தனிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியின் மேல் 'ஒவ்வாதவை' என்று என் கையால் தமிழில் எழுதி வைத்தேன். விதியை நிரலாக எழுதியவர் காயத்ரி. கோவையிலிருந்து வந்த, முப்பது வயதைத் தாண்டிய பொறியாளர்.

"அங்கிள், ஒரே பேர்ல நெஜமாவே ரெண்டு பேர் இருந்தா?" என்று அப்போதே கேட்டார்.

"தகப்பன் பெயரும் ஒன்றாக இருக்குமா அம்மா? இருபத்து நான்கு ஆண்டு இதே வேலை பார்த்தவன் நான்."

அனுபவத்தைச் சொல்லி ஒரு கேள்வியை அடக்கும் மூத்தவரைக் காணும்போது, நண்பர்களே, அங்கேதான் பிழை இருக்கிறது என்று கொள்ளுங்கள். மனு அழகாக அச்சாகி வாஷிங்டன் சென்றது.

ஏழு மாதம் கழித்துக் குறைபாட்டுக் கடிதம் வந்தது. தெரேசா சீருடையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து அதை என் மேசைமீது வைத்தார்.

"எங்க தாத்தா பெத்ரோவுக்கு நூத்திப் பதினோரு வயசுல எங்கப்பா பொறந்திருக்காராம். அரசாங்கமே எழுதியிருக்கு. வீட்டுல ஆம்பளைங்க எல்லாம் ரெண்டு நாளா நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கிறாங்க."

நான் கடிதத்தைப் படித்தேன். ஹுவானின் மகன் பெத்ரோ, குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு இது; அவருடைய கடைசிப் பிள்ளை பிறந்த ஆண்டு இது; இடையே நூற்றுப் பதினோரு ஆண்டுகள். இறப்புப் பதிவு இல்லை. இது இயலாதது ஆகையால் பெத்ரோவின் வழிவந்தோரின் மரபு நிறுவப்படவில்லை. அந்த வழியில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் இருந்தார்கள். முதல் பெயர் தெரேசா. பன்னிரண்டு நாளில் சான் பிரான்சிஸ்கோவில் அதிகாரிகள் ஒரு கூட்டம் நடத்துவார்கள். விளக்கம் அங்கே தரப்பட வேண்டும்.

சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "நான் பட்டியல்ல இல்லைன்னா தலைவி இல்லை. தலைவி இல்லைன்னா அந்த மேசையில உக்கார எங்க ஆளுங்க யாரும் இல்லை. மனுவே விழுந்துடும். என்ன சார் நடந்துச்சு?"

"சரிபார்த்துச் சொல்கிறேன்," என்றேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் நான் நாளொன்றுக்கு நாற்பது முறை சொன்ன வாக்கியம் அது. கேட்பவரை வாசல்வரை கொண்டுவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. தெரேசா வாசலுக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு மணிக்குத்தான் என் பஸ். சரிபாருங்க."

காயத்ரியை அழைத்தேன். நிரலில் பிழை இருக்கும் என்று எனக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது.

"கோட்ல ஒண்ணும் இல்லீங்க அங்கிள். நீங்க சொன்ன ரூலை அப்படியே போட்டிருக்கேன். வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். உங்க வீட்டு ஆளுங்க பேரைச் சொல்லுங்க. உங்க பேரு அம்பலவாணன். அப்பா?"

"வைத்தியநாதன்."

"தாத்தா?"

"அம்பலவாணன். அவர் பெயரைத்தானே எனக்கு இட்டார்கள்."

"தாத்தாவோட அப்பா?"

"வைத்தியநாதன்," என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. தலைமகனுக்குப் பாட்டன் பெயர் என்பது எங்கள் குடும்ப வழக்கம். தாத்தாவின் தகப்பனார் பெயரும் வைத்தியநாதன்தான். ஊர்ப் பதிவேட்டில் தாத்தாவும் வை. அம்பலவாணன், நானும் வை. அம்பலவாணன். ஊர் ஒன்று, கோயில் ஒன்று.

காயத்ரி விசையைத் தட்டினார். திரையில் ஒரே ஓர் அம்பலவாணன் எஞ்சினான். வயது நூற்று இருபத்தொன்பது.

"கங்கிராட்ஸ் அங்கிள்," என்றார் காயத்ரி. "நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க."

தெரேசா எட்டிப் பார்த்தார். விளக்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் உரிமையாளர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார்.

பெத்ரோ இருவர். பாட்டன் பெத்ரோ, ஹுவானின் மகன். அவருக்கு ஒரு மகன். அவனுக்கும் ஹுவான் என்று பெயர். அந்த ஹுவானின் மகன் மீண்டும் பெத்ரோ, தெரேசாவின் தாத்தா. என் விதியால் இருவரும் ஒருவராகி, பெத்ரோ தன் மகனுக்கே மகனும் ஆனார். தனக்குத் தானே தாதையும் மைந்தனுமாக இருப்பது இறைவனின் இலக்கணம் என்று ஓதியிருக்கிறேன். ஒரு மனிதருக்கு அதை வழங்கியது நான் மட்டுமே. பாட்டன் பெத்ரோவின் அடக்கப் பதிவு எங்கே? 'ஒவ்வாதவை' பெட்டியில் இருந்தது. பின்னாளில் பிள்ளை பெற்றவர் முன்னாளில் இறந்திருக்க முடியாது என்று அந்த இறப்பை நான்தான் நீக்கியிருந்தேன்.

பதிகம் எழுதிய ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் காவலுக்கு இருந்தவர்கள். மூவரும் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அரசன் அவர்களுடைய திருவுருவங்களை எழுந்தருளச் செய்து திறக்க வைத்தான். உள்ளே கரையான் தின்றது போக மிச்சமே கிடைத்தது. அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் நான் அரசன் பக்கம் நிற்பதாகவே எண்ணியிருந்தேன். அன்று தெரிந்தது: இருபத்து நான்கு ஆண்டு கதவுக் காவலனாக இருந்திருக்கிறேன். அமெரிக்காவுக்கு வந்து கரையானாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறேன்.

தெரேசா மூன்று மணிக்குப் பேருந்துக்குப் போனபின் உரிமையாளர் என்னை அழைத்தார். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் ஒரு பெரிய மருத்துவமனையின் ஒப்பந்தம் எங்களுக்கு வரவிருந்தது.

"இந்தத் தப்பு நம்மளோடதுன்னு வெளிய தெரிய வேண்டாம். அந்தக் காலத்துப் பாதிரி கையெழுத்து, யாராலயும் சரியாப் படிக்க முடியாதுன்னு ஒரு பாரா எழுதிக் கொடுத்துடுங்க. பாதிரி வந்து மறுக்கவா போறார்?"

"அந்தக் கையெழுத்து நம்பத்தகாதது என்றால் முப்பத்தாறு பெட்டியும் நம்பத்தகாதவை ஆகிவிடுமே. மனு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது."

"அது அவங்க பிரச்சினை."

"எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வோம்," என்றேன்.

"அந்தக் கூட்டத்துக்கு நீங்க போறதுன்னா கம்பெனி பேர்ல போகாதீங்க."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் துணிந்தது வீரத்தால் அன்று. எனக்கு மாரியின் நினைவு வந்தது.

மாரி மலையில் தேன் எடுப்பவர். உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய மக்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு மனுச் செய்யப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு என்னிடம் வந்தார். "உன் அப்பாவோட சான்றிதழ் எங்கே?" என்று கேட்டேன். "அவரும் தேன் எடுக்கிறவருங்க சாமி. தேனீ சான்றிதழ் கேக்கலீங்க," என்றார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, சரிபார்த்துச் சொல்வதாகக் கூறினேன். மலையிலிருந்து ஒன்பது முறை நடந்து வந்தார். ஒன்பதாம் முறை வந்தபோது மனுச் செய்யும் நாள் கடந்திருந்தது. 'ஒதுக்கப்பட்ட இடத்துக்குத் தகுதியுள்ளவர் எவரும் இல்லை' என்று கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். அந்த இடம் காலியாகவே இருந்தது. குறிப்பின் கையெழுத்து மிகத் தெளிவானது. எந்தப் பாதிரியையும் குறை சொல்ல முடியாது.

சான் பிரான்சிஸ்கோ கூட்டத்துக்கு நான் தெரேசாவோடு போனேன். நீண்ட மேசை. ஒரு பக்கம் இரண்டு அதிகாரிகள். அவர்களுள் மூத்தவர் நரைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண் மரபாய்வாளர். மறு பக்கம் தெரேசா, அவருக்குப் பின்னால் நான். தெரேசா அடக்கப் பதிவின் நகலை நீட்டினார். மரபாய்வாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மனுவில் ஏன் இல்லை?"

தெரேசா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பெட்டியில இருந்தது," என்று மட்டும் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான்.

"எங்கள் கடிதம் போன பிறகு கிடைத்திருக்கிறது. வசதியான நேரத்தில்." மரபாய்வாளரின் குரல் உயரவில்லை. அந்தத் தாள் உண்மையானதா என்ற ஐயம் மேசைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் போனால் அது தெரேசாவைப் பற்றிய ஐயமாக மாறும். கோப்புகளில் அந்த ஒரு நிமிடத்தை நான் பலமுறை உருவாக்கியிருக்கிறேன். அதன் மறுபக்கத்தில் அமர்ந்தது அன்றுதான்.

எழுந்தேன். "அவர் கொடுத்தார். நான் நீக்கினேன். இறந்தவர் எனக்கு ஒத்துவரவில்லை."

"நீங்கள் யார்?"

"வைத்தியநாதன் மகன் அம்பலவாணன்." என் கடவுச்சீட்டை மேசைமேல் வைத்தேன். அதன் அருகே இன்னொரு தாளை வைத்தேன். தாத்தாவின் இறப்புப் பதிவு. பட்டா மாற்றத்துக்காக முன்பு எடுத்த சான்றிட்ட நகல். எந்தச் சான்றிதழையும் விட்டுவிட்டுக் கடல் கடக்கும் இனமல்ல நாங்கள். காயத்ரி மொழிபெயர்த்து, முத்திரை வைத்த பிரதியும் கூட இருந்தது.

மரபாய்வாளர் இரண்டையும் படித்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் படித்தார்.

"இதன்படி நீங்கள் இறந்துவிட்டீர்கள்."

"ஆம், அம்மையீர். பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே. என் விதி அப்படித்தான் சொல்லும். பெத்ரோவுக்கு நான் இட்ட விதியும் அதுவே."

மரபாய்வாளரின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. தெரேசா மேசைமீது தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். இளைய அதிகாரி மட்டும் சிரிக்காமல், "இறந்தவர் வாக்குமூலம் தர விதியில் இடம் உண்டா?" என்று கேட்டார். கிண்டல் என்றுதான் நினைக்கிறேன்.

'ஒவ்வாதவை' பெட்டி முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதில் இருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள் மீண்டும் மனுவில் சேர்ந்தன. தெரேசாவின் கிளை நிறுவப்பட்டதாக நான்கு மாதத்தில் கடிதம் வந்தது. தலைவி தலைவியானார். மனு முறைப்படி ஏற்கப்பட்டு வரிசையில் வைக்கப்பட்டது. எத்தனையாவது இடம் என்று கேட்டபோது, அதைச் சொல்லும் வழக்கமில்லை என்றார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் நான் ஓய்வு பெற்றபோதும் அது வரிசையில்தான் இருந்தது. அதற்குள் நான் குடியுரிமை பெற்று ஒரு தேர்தலில் வாக்கும் அளித்துவிட்டேன். வாக்குச்சாவடி வாசலில் தெரேசாவைக் கண்டேன்.

"ஜெயிச்சுட்டீங்க சார்," என்றார். "நான் மொதல்ல கெளம்பினேன்."

உரிமையாளர் என்னை நீக்கவில்லை. ஒப்பந்தத்துக்கு முன் எங்கள் நடைமுறையை விசாரித்த மருத்துவமனைக்காரர்கள், தவற்றை ஒப்புக்கொள்ளும் ஒரே நிறுவனம் என்று எங்களையே தேர்ந்தார்களாம். அது என் யோசனை என்று உரிமையாளர் எவரிடமும் சொல்லவில்லை. தம் யோசனை என்றார். அதையும் பதிவு செய்து வைக்கிறேன்.

நீங்கள் வேலைக்குச் சேரும் முதல் நாள் உங்கள் அலுவலகத்தில் 'ஒவ்வாதவை' பெட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இல்லை என்றால், அது வேறு பெயரில் இருக்கிறது என்று பொருள். ஒவ்வாததாக அதில் கிடப்பது தாள் அன்று, ஓர் ஆள் என்று எண்ணித் திறவுங்கள்.

கூட்டம் முடிந்த மறுவாரம் என் பழைய வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்ன கோப்பில் 'தகுதியுள்ளவர் எவரும் இல்லை' என்ற குறிப்பு பொய், தகுதியுள்ளவர் ஒன்பது முறை வந்தார், அவர் பெயர் மாரி, எழுதியவன் நான், குறிப்பைத் திருத்தி, அவருக்கும் அவர் மக்களுக்கும் சான்றிதழ் வழங்கக் கோருகிறேன். நான்கு மாதத்தில் பதில் வந்தது. வை. அம்பலவாணன் என்பவர் இவ்வலுவலகத்தில் பணியாற்றியதற்கான பதிவு காணக் கிடைக்கவில்லை. விண்ணப்பதாரர் அவரே என்பதற்குரிய சான்றினை இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கவும். உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் நான் அனுப்பும் சான்றை ஏற்று, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து எனக்கு ஓய்வூதியம் அனுப்புகிறார்கள். கீழே இருக்கிறேன், மேலே இல்லை.

கேட்டதை இணைத்து அனுப்பினேன். வேறொன்று கேட்டார்கள். அதையும் அனுப்பினேன். இதுவரை எட்டுக் கடிதம் ஆகியிருக்கிறது. ஒன்பதாவது, மேசைமேல் உறையில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் தபாலில் சேர்க்க வேண்டும். மாரி நடந்தே வந்தார். எனக்குத் தபால்தலை ஒட்டும் வேலை மட்டும்தான்.